கூண்டிலிருந்து குப்பத்துக்கு: தமிழகக் கடற்கரையில் புயல் எச்சரிக்கை நடந்து வந்த வழி

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவானால் தமிழ்ச் செய்தித்தாள்களில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு. பாம்பன், நாகப்பட்டினம், கடலூர் துறைமுகங்களில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதே அது. வரியைப் படித்தவர் அளவுக்குக் கூண்டைக் கண்ணால் பார்த்தவர் இருக்க மாட்டார்கள். துறைமுக அலுவலகக் கொடிமரத்தில் கயிறு கட்டி ஏற்றப்படும் உருளையும் கூம்பும்தான் அந்தக் கூண்டு. பொழுது சாய்ந்தால் அவற்றின் இடத்தில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எரியும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்த பிறகும் நிற்காத இந்த வழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. ஆனால் கரையில் குடியிருப்பவர்களுக்காக அது ஏற்படவில்லை. கூண்டு பேசியது கப்பலோடு. அதே செய்தி கொடிமரத்தை விட்டு இறங்கி, கூப்பிடு தொலைவில் இருந்த மீனவர் குப்பத்துக்குள் முறையாக நுழைய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

சென்னைக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, ஆழம் உள்ள இடத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி வந்துபோக வேண்டும். மசூலா இறங்க முடியாதபடி அலை அடிக்கும் நாட்களில் கட்டுமரக்காரர்கள் மட்டும், கடிதங்களை நனையாமல் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, கப்பலுக்குப் போய்வந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்படித் திறந்த கடலில் கப்பலை நிறுத்துவது சூதாட்டம். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொன்னேயின் கப்பல்கள் அடுத்த மாதமே நகருக்கு எதிரே புயலில் சிக்கிச் சிதைந்தன. வென்ற படையின் கைகளைக் கட்டிப்போட்டது எதிரி அல்ல, காற்று. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் அதே கதி நேர்ந்தது.

பட்டறிவிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. அக்டோபர் நடுவில் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடி இறங்கும். டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏறும். இடைப்பட்ட இரண்டு மாதம் கப்பல்கள் சென்னைக்கு எதிரே நிற்பது நல்லதல்ல என்பது அதன் பொருள். உண்மையில் இது எச்சரிக்கை அல்ல, நாட்காட்டி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் புயல் வரலாம் என்று சொல்லும். எந்த நாள் வரும் என்று சொல்லாது. நாட்காட்டிக்கு வெளியே வரும் புயலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 1872 மே 2ஆம் தேதி, அக்கினி நட்சத்திரம் தொடங்கும் சமயத்தில், சென்னையைத் தாக்கிய புயலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் பல கரையில் மோதி நொறுங்கின.

நாளைச் சொல்லும் எச்சரிக்கைக்கு இரண்டு அறிவுகள் ஒன்று சேர வேண்டியிருந்தது. புயல் என்பது ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்றபடியே இடம்பெயரும் காற்று என்பது ஒன்று. அந்தக் காற்றைவிட வேகமாகச் செய்தி போக முடியும் என்பது மற்றொன்று. முதலாவதில் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டனின் பங்கு பெரியது. மாலுமிகளின் குறிப்பேடுகளைச் சேகரித்து, வங்கக் கடல் புயல்களின் பாதைகளை ஒவ்வொன்றாக வரைந்தவர் அவர். 1789 டிசம்பரில் காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள கோரங்கியை அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் விழுங்கிய நிகழ்வும் அவர் எழுதியவற்றுள் அடங்கும். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் அவர் ஆக்கிய ‘சைக்ளோன்’ என்ற பெயரை இன்று உலகமே வழங்குகிறது. இரண்டாவது அறிவு தந்தி. 1850களில் இந்திய நகரங்களைத் தந்திக் கம்பி இணைத்தபோது, புயல் வந்து சேரும் முன்பே அதைப் பற்றிய செய்தி வந்துவிடலாம் என்ற நிலை உருவாயிற்று.

கூண்டின் பிறந்த இடம் பிரிட்டன். 1859இல் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் மூழ்கி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைக் கண்ட கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய், தந்தி மூலம் துறைமுகங்களுக்குச் செய்தி அனுப்பி, அங்கே உருளையும் கூம்பும் ஏற்றிக் கப்பல்களை எச்சரிக்கும் முறையை 1861இல் தொடங்கினார். எழுத்து தெரியாத மாலுமிக்கும் தொலைவிலிருந்து புரிய வேண்டும் என்பதால்தான் எழுத்துக்குப் பதில் வடிவம்.

இந்தியாவுக்கு அது வரப் பெரும் சாவு ஒன்று தேவைப்பட்டது. 1864 அக்டோபர் 5ஆம் தேதி கல்கத்தாவைத் தாக்கிய புயலில், ஹூக்ளி ஆற்று வழியே ஏறிய கடல்நீரில் ஏறக்குறைய 60,000 பேர் மாண்டதாகக் கணக்கு. ஒரு மாதம் கழித்து மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல். அங்கும் பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கி, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். மேற்குக் கரைக்கு 1880இலும், இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் 1886இலும் எச்சரிக்கை முறை விரிந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில், 1881 நவம்பரில், கட்டுமானத்தில் இருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைப் புயல் உடைத்தெறிந்தது.

இன்று வழக்கில் உள்ள கூண்டுகளின் எண்ணிக்கை 11. அவற்றைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம், எண் கூடக்கூட ஆபத்து கூடும் என்பது. பாதி உண்மைதான். 1ஆம் எண்ணும் 2ஆம் எண்ணும் தொலைவில், ஆழ்கடலில் இருக்கும் சின்னத்தைக் குறிக்கின்றன. துறைமுகத்துக்கு அப்போது ஆபத்து இல்லை; புறப்படும் கப்பல் அதில் போய் மாட்டிக்கொள்ளலாம் என்பதே செய்தி. 3ஆம் எண் பலத்த காற்றால் துறைமுகத்துக்குப் பாதிப்பு வரலாம் என்றும், 4ஆம் எண் புயல் துறைமுகத்தையே நெருங்கலாம் என்றும் சொல்கின்றன. 5, 6, 7 ஆகியவை அபாயக் கூண்டுகள். 8, 9, 10 பெரும் அபாயக் கூண்டுகள். இந்த இரண்டு கூட்டங்களுக்குள்ளும் எண்ணின் வேறுபாடு கடுமையின் வேறுபாடு அல்ல, திசையின் வேறுபாடு. 5 என்றால் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் புயல் கடக்கும்; 6 என்றால் வலப்பக்கம் விட்டு; 7 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10க்கும் அதே வரிசைதான், புயல் மட்டும் கடுமையானது.

இடமா வலமா என்பது சின்ன விவரம் போலத் தோன்றும். தமிழகக் கரையில் அது வாழ்வா சாவா என்ற கேள்வி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுழலும். மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்பக்கம், அதாவது வடபுறம், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். கடல்நீரைத் தள்ளிக்கொண்டுவந்து ஊருக்குள் ஏற்றும். இடப்பக்கமான தென்புறத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். கடல் உள்வாங்குவதும் உண்டு. புயல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடந்தால் நாகைக்குள் கடல் ஏறும், வடக்கே கடந்தால் ஏறாமலும் போகலாம். கப்பல் தலைவன் எந்தத் திசையில் தப்பி ஓடுவது என்று முடிவுசெய்வதற்காக வகுத்த எண்களில், கரையில் இருப்பவர்களின் தலைவிதியும் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

11ஆம் எண்ணைப் பற்றி இன்னும் பெரிய தவறெண்ணம் உண்டு. எல்லாவற்றிலும் கொடிய புயலுக்கான கூண்டு அதுதான் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதன் பொருள் வேறு: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார். செய்தி வரவில்லை என்பதையும் ஒரு செய்தியாகச் சொல்ல வகை செய்துவைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். சிறிய கலங்கள் வந்துபோகும் சில துறைமுகங்களுக்கு மட்டும் 3, 4, 7, 10, 11 ஆகியவற்றுக்கு இணையான ஐந்தே குறிகள் கொண்ட சுருக்கமுறையும் உண்டு.

கூண்டைப் பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் முடிவெடுத்ததில்லை. அவர்களுக்குத் தனிக் கல்வி இருந்தது. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்து, எந்தக் காற்று எத்தனை நாள் நிற்கும், எது மாறினால் என்ன வரும் என்று தலைமுறைகளாகக் கண்டறிந்த அறிவு அது. தமிழகக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் இப்பெயர்கள் ஏறத்தாழ ஒன்றாகவே வழங்குகின்றன. நீரோட்டம், நீரின் நிறம், அடிவானத்து மேகம், விண்மீன் என்று அடையாளங்கள் பல. ‘தொழில் இல்லை’ என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்லிவிட்டால் ஒரு மரமும் கடலில் இறங்காது. மீறினால் ஊர்க்கட்டுப்பாட்டின்படி தண்டம். இடர்க்காலத் திட்டம் என்று இன்று ஏட்டில் எழுதப்படும் பலவற்றை இந்தப் பஞ்சாயத்துகள் ஏடில்லாமலே நடத்தி வந்தன. யார் முடிவெடுப்பது, யார் அறிவிப்பது, படகுகளை யார் யார் சேர்ந்து மேடேற்றுவது, கடலில் காணாமல் போனவரைத் தேட எந்தெந்தப் படகு போவது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆனால் நாட்டறிவுக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணுக்கும் உடம்புக்கும் எட்டும் தொலைவு வரைதான் அது கணிக்கும். அந்தமான் பக்கம் உருவாகி ஐந்து நாள் கழித்து வரப்போகும் புயலைக் கரையில் நின்று யாரும் மோந்துபார்க்க முடியாது.

அரசின் செய்தி ஊருக்குள் வந்த வழி வேறு. வானிலை மையத்திலிருந்து தந்தி மாவட்ட ஆட்சியருக்குப் போகும். அவரிடமிருந்து தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம முன்சீப் என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படியில் தலையாரி நிற்பார். தண்டோரா போட்டுத் தெருத்தெருவாக அறிவிப்பது அவர் பொறுப்பு. பகலில் வந்த தந்தி நள்ளிரவில் ஊருக்கு வந்தால் தமுக்குச் சத்தத்தைக் காற்றே தின்றுவிடும். ஊர் என்றாலும் வருவாய்க் கிராமத்தின் நடு ஊர்தான். கடலோரக் குப்பம் பெரும்பாலும் அதிலிருந்து தள்ளி, மணல்மேட்டுக்கு அப்பால் இருந்தது. 1938இல் சென்னை வானொலி நிலையம் வந்தது. 1945இல் சென்னையில் வட்டார வானிலை மையம் அமைந்தது. வானொலிப் பெட்டி குப்பத்து வீடுகளுக்குள் வர டிரான்சிஸ்டர் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சங்கிலி எத்தனை நொய்ந்தது என்பதை 1964 டிசம்பர் காட்டியது. அந்தமானுக்குத் தெற்கே 17ஆம் தேதி உருவான சின்னம் மேற்கே நகர்ந்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் தேதி இரவு பாக் நீரிணைக்குள் நுழைந்தது. ஆழமில்லாத அந்தக் கடலில் காற்று தள்ளும் நீருக்குக் கீழே போக இடமில்லை. மேலே எழுவதுதான் வழி. தனுஷ்கோடி அப்போது ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, கோயில், தேவாலயம் எல்லாம் உள்ள ஊர். தலைமன்னாருக்குப் போகும் கப்பல் அங்கிருந்துதான் புறப்படும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயில் நள்ளிரவு வாக்கில் ஊரை நெருங்கியபோது பேரலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வெளியுலகத்துக்கு விவரம் மறுநாளும் தெளிவாக எட்டவில்லை. தந்தி, ரயில், சாலை மூன்றும் ஒரே நேரத்தில் அறுந்திருந்தன. 11ஆம் எண் கூண்டு சொல்லும் நிலை அதுதான். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன. பின்னாளில் மெட்ரோ ரயில்களால் பெயர்பெற்ற ஈ.ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை மீட்டெடுத்தார். ஊரை மீட்க யாரும் முயலவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. எஞ்சிய மீனவக் குடும்பங்கள் கீற்றுக் குடிசைகளில் அதே மணலில் தொழில் செய்கின்றன.

அடுத்த அடி 1977 நவம்பரில். 12ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு அருகே கரை கடந்த புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டு 500க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. ஒரே வாரத்தில், 19ஆம் தேதி, ஆந்திராவின் திவிசீமையைத் தாக்கிய புயலில் அரசுக் கணக்குப்படியே சுமார் 10,000 பேர் இறந்தனர். இந்த இரண்டுக்கும் பின்னர்தான் எச்சரிக்கை என்பது கப்பல் சமாச்சாரம் என்ற எண்ணம் மாறத் தொடங்கியது. புயலைக் கண்டறியும் ராடார்கள் 1970களில் கிழக்குக் கரையில் அமைந்தன. முதலாவது விசாகப்பட்டினத்தில், பிறகு சென்னையில். கடலோரத்தில் உயரமான கான்கிரீட் தூண்கள் மேல் புயல் பாதுகாப்பு மையங்கள் எழும்பின. பல ஊர்களில் அவை மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகவோ சமுதாயக் கூடமாகவோ பயன்பட்டன. பூட்டிக்கிடந்து சாவி யாரிடம் என்று தெரியாமல் போன மையங்களும் இருந்தன. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி மட்டும் பெயர் மாறித் தொடர்ந்தார்.

1980களில் வந்த இன்னோர் ஏற்பாடு பெரிதாகப் பேசப்படாதது. இன்சாட் செயற்கைக்கோள் வழியாகக் கடலோர ஊர்களுக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் கருவி அது. வட தமிழகத்திலும் தென் ஆந்திரத்திலும் முதலில் நூறு இடங்களில் அதை வைத்தார்கள். சென்னையிலிருந்து அனுப்பினால், ஆபத்துள்ள மாவட்டத்துப் பெட்டி மட்டும் தானாக விழித்துக்கொண்டு, சைரன் ஒலித்து, மக்களின் மொழியில் செய்தியைச் சொல்லும். தாசில்தாரும் முன்சீப்பும் இல்லாமல் செய்தி ஊருக்கு வர முடியும் என்பதை முதலில் நிறுவிய கருவி அது. 1999 ஒடிசாப் பெரும்புயலுக்குப் பிறகு எச்சரிக்கையும் படிப்படியாகப் பிரிந்தது: 72 மணி நேரத்துக்கு முன் புயல் கண்காணிப்பு, 48 மணி முன் உஷார், 24 மணி முன் எச்சரிக்கை, கரை கடக்கும் முன் உள்மாவட்டங்களுக்கான முன்னறிவிப்பு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் இன்று வீட்டுப் பேச்சிலேயே புழங்குகின்றன. 2004 முதல் வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயரும் வந்தது. தானே, வர்தா, கஜா என்று பெயர் சொல்லிப் பேசத் தொடங்கியதும், புயல் புள்ளிவிவரத்திலிருந்து நினைவுக்கு இடம் மாறிற்று.

புயலுக்காகக் கட்டிய இத்தனையும் 2004 டிசம்பர் 26 காலையில் உதவவில்லை. சுமத்ரா அருகே இந்திய நேரம் காலை 6.29க்கு நிலம் நடுங்கியது. தமிழகக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கையில் நேரம் இருந்தது. அதைச் சொல்ல அமைப்பு இல்லை. சுனாமி என்ற சொல்லே அன்று வரை பெரும்பாலான தமிழர் கேளாதது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இலங்கையில் 30,000க்கும் மேல்.

அன்று தப்பிய ஊர்களின் கதையில்தான் பாடம் இருக்கிறது. புதுச்சேரிக் கரையில் நல்லவாடு என்ற மீனவ ஊர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் நடத்திவந்த ஊரக அறிவு மையங்களில் ஒன்று அங்கே இருந்தது. அதன் ஒலிபெருக்கி பேரிடருக்காக வைத்ததல்ல. வேலைவாய்ப்பு, மீன் விலை, அரசுத் திட்டம் என்று அன்றாடச் செய்தி சொல்லவே வைத்தது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, மாலைதோறும் தமிழில் ஒலிபரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் ஊரைவிட்டு ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பழகிய குரல், பழகிய ஒலிபெருக்கி, நம்பும் ஆள்: மூன்றும் இருந்ததால்தான் கேட்டவுடன் ஓடினார்கள். அன்று காலை முதன்முறையாக ஒலித்த சைரனாக இருந்திருந்தால் எத்தனை பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்களோ.

வேதாரண்யம் அருகே நாலுவேதபதி என்ற ஊர் இன்னொரு வகை. 2002இல் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில் 80,000க்கும் மேற்பட்ட மரக்கன்றுகளைக் கடலோரத்தில் நட்ட ஊர் அது, பெரும்பாலும் சவுக்கு. இரண்டு ஆண்டில் வளர்ந்து நின்ற அந்தச் சவுக்குத் தோப்பு அலையின் வேகத்தைக் குறைத்ததால் அங்கே இழப்பு குறைவாக இருந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களைப் பற்றியும் இதே கருத்தை 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு முன்வைத்தது. மேடான இடத்திலோ கடலிலிருந்து தள்ளியோ இருந்ததே காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. மரம் உதவும், மேடும் தொலைவும் அதைவிட உதவும் என்று கொள்வதே பொருத்தம்.

சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, வெளிநாட்டுத் தனியார் கணிப்பு ஒன்றை நம்பி விடுத்த எச்சரிக்கையால் தமிழகக் கடற்கரை முழுவதும் மறுபடி ஓடியது. அலை வரவில்லை. நிவாரண வேலைகள் நின்றன. பொய்யான எச்சரிக்கைக்கும் விலை உண்டு என்று அன்று தெரிந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில், கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையத்தில், இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, சென்னைக் கடற்கரையிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். பேரலை எழாது என்று தெரிந்ததும் சில மணி நேரத்தில் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

சட்டமும் மாறிற்று. அதுவரை பேரிடர் என்றால் அடித்த பிறகு அரிசியும் வேட்டி சேலையும் வழங்கும் வேலை. வருவாய்த் துறையின் நிவாரணக் கணக்கு. 2005 டிசம்பரில் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்களை அமைத்து, முன்கூட்டித் திட்டமிடுவதைக் கடமையாக்கியது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் அரக்கோணத்தில் நிலைகொண்டது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு தமிழக மாவட்டங்கள் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டு, ஊரிலேயே முதல்நிலை மீட்பாளர்களைத் தெரிவுசெய்து பயிற்சி தருகின்றன. பாம்பு பிடிப்பவரும் மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவரும்கூட அந்தத் தொலைபேசிப் பட்டியலில் இடம்பெறுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்து மனப்பாடமாக வைத்திருந்ததை அரசு ஏட்டில் எழுதிக்கொண்டது என்றும் சொல்லலாம்.

இத்தனைக்கும் பலன் கிடைத்தது 2018இல். நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடப்பதற்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். 1977இல் ஐந்நூறைத் தாண்டிய சாவு, ஏறத்தாழ அதே கரையில், அறுபதை ஒட்டி நின்றது. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னைகளை யாராலும் முகாமுக்கு அழைத்துப்போக முடியவில்லை. நட்டு வளர்த்துக் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு பிடிக்கும் மரங்கள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்த ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. உயிரைக் காக்கக் கற்ற அளவுக்குப் பிழைப்பைக் காக்க இன்னும் கற்கவில்லை.

செய்தி கரைக்கு வந்து சேர்ந்த கதையில் கடைசித் திருப்பம் கடலில் நிகழ்ந்தது. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கி ஒரே நாளில் புயலாக வலுத்தபோது, கரையில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். சுறாவையும் சூரையையும் தேடி நூற்றுக்கணக்கான கடல் மைல் போகும் அந்த விசைப்படகுகளை, கரையிலிருந்து பேசும் வி.எச்.எஃப். கருவி எட்டாது, கைப்பேசியும் எட்டாது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கடலில் இருப்பவனை எச்சரிக்கத்தான் கூண்டு பிறந்தது. கரையை வந்தடைந்த எச்சரிக்கை கடலை விட்டுவிட்டது.

அதன் பிறகு 2019இல் செயற்கைக்கோள் வழியே ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கையும் மீன்வளத் தகவலும் அனுப்பும் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. அது செய்தியைப் பெறும், திருப்பிப் பேசாது. இருபக்கமும் பேசக்கூடிய இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்கள் அதற்குப் பின்னர் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. கரையில் இருப்பவர்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.